ரை புல் மூணே மாசத்துல மஞ்சளாகுது, காப்பாத்த வழி இருக்கா?

தண்டையார்பேட்டைவாசி:
வீட்டு முன்னாடி பத்துக்குப் பன்னிரண்டு அடி மண் தரை. புல்தரை போடலாம்னு டிசம்பர் கடைசியில ஆன்லைன்ல பெரெனியல் ரை புல் விதை வாங்கித் தூவினேன். ஆறாம் நாளே முளைச்சுது. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரங்க செருப்பைக் கழட்டிட்டு நடந்து பார்த்தாங்க, அப்படி ஒரு பச்சை. மார்ச் பாதியில திட்டுத் திட்டா மஞ்சள், இப்ப பாதி வைக்கோல். தண்ணித்தொட்டி நிழல் விழற ஓரம் மட்டும் தப்பிச்சிருக்கு. யூரியா போட்டேன், இன்னும் மோசம். தினம் வேலை விட்டு வந்து ராத்திரி எட்டு மணிக்கு போர் தண்ணி அடிக்கிறேன். பாக்கெட்ல 'பல வருஷப் புல்'னு போட்டிருக்கே, ஏமாந்துட்டேனா?

கொளத்தூர் மாடித்தோட்டம்:
ஏமாத்தல. பல வருஷம் வரும், ஆனா குளிர் ஊர்ல. விம்பிள்டன் டென்னிஸ் தரை 2001லேர்ந்து முழுக்க இந்தப் புல்தான். அதுக்குத் தோதான சூடு சுமார் 15லேர்ந்து 24 டிகிரி. நம்ம சென்னையில மே மாச ராத்திரியே 27, 28. வெயிலை விட இந்த ராத்திரிப் புழுக்கம்தான் அதுக்கு எமன். பகல்ல சேர்த்த சர்க்கரையை ராத்திரி சுவாசிச்சே தீர்த்துடும், வேருக்கு ஒண்ணும் மிஞ்சாது. ஒரு கொத்தைப் பிடுங்கிப் பாருங்க.

தண்டையார்பேட்டைவாசி:
இழுக்கவே வேண்டியிருக்கல, கையோட வந்துடுச்சு. வேர் ஒரு இஞ்ச் கூட இல்ல, பழுப்பா இருக்கு.

பெரம்பூர் பெருசு:
தம்பி, நாளைக்கு விடியறதுக்குள்ள எழுந்து பாருங்க. புல் மேல சிலந்தி வலை மாதிரி வெள்ளைப் பஞ்சும், இலை எண்ணெய் தடவின மாதிரியும் இருந்தா அது பித்தியம் பூஞ்சை. ராத்திரி முழுக்க ஈரம், கூடவே யூரியா: அதுக்கு விருந்து வெச்ச மாதிரி.

தண்டையார்பேட்டைவாசி:
இருக்கு சார், ரெண்டு இடத்துல. சிலந்தின்னு நினைச்சுப் போன வாரமே துடைப்பத்தால பெருக்கி விட்டேன்!

பெரம்பூர் பெருசு:
போச்சு, நீங்களே தரை முழுக்கப் பரப்பியாச்சு. துடைப்பத்தைக் கழுவிக் காய வைங்க. யூரியாவை நிறுத்துங்க. தண்ணி விடியக்காலைல மட்டும்.

திருவொற்றியூர் அக்கா:
போர் தண்ணியையும் கவனிங்க. எங்க வீட்டுல உப்பு ஏறி மண்ணு மேல வெள்ளையாப் படியும். ரை புல் ஓரளவு தாங்கும், ஆனா வெயிலும் உப்பும் சேர்ந்தா கஷ்டம்தான்.

கொளத்தூர் மாடித்தோட்டம்:
நேரா சொல்றேன், மே மாசத்துக்குள்ள மீதியும் போயிடும். காசைக் கொட்டாதீங்க. நிரந்தரத்துக்கு அருகம்புல் போடுங்க, அது சூட்டுலதான் ஜோரா வளரும், உப்பும் தாங்கும். டிசம்பர்ல மழை ஓய்ஞ்சதும் அதை ஒட்ட வெட்டி, மேல ரை விதை தூவுங்க. அமெரிக்காவுல தெற்குப் பக்கம் கோல்ஃப் மைதானத்துல அப்படித்தான் பண்றாங்க. தொட்டி நிழல்ல மட்டும் அருகு சரியா வராது.

தண்டையார்பேட்டைவாசி:
அருகம்புல்லா? அதைக் கொத்தி எறிஞ்சுட்டுத்தான் சார் இதைப் போட்டேன்.

பெரம்பூர் பெருசு:
எறிஞ்சா போயிடுமா? தண்டு மண்ணுக்குள்ள கிடக்கும். ஒரு மழை பெய்யட்டும், தானா எட்டிப் பார்க்கும்.