பழைய 928 கேலக்ஸி எக்ஸ்புளோரர்: மஞ்சளேறிய துண்டுகளை வெளுக்கலாமா?

சாம்பல்சிறகு
என் சேகரிப்பில் உள்ள லெகோ செட்களிலேயே மூத்தது இந்த 928 விண்கலம், 1979-இல் வந்தது. அலமாரியில் கட்டியபடியே நின்றதை முழுக்கப் பிரித்து, கழுவி, மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறேன். 338 துண்டுகளும் இருக்கின்றன. பிடிமானம் துளியும் குறையவில்லை. பிளேட்டோடு பிளேட் (மெல்லிய தட்டைத் துண்டு) ஒட்டிக்கொண்டால் பிரிக்க நகம் வலிக்கிறது.

கட்டும்போது மேனுவலையும் மறுபடி ரசித்தேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு படிக்கும் வேண்டிய துண்டுகளைத் தனிக் கட்டத்தில் காட்டிவிடுகிறார்கள். இதில் படம் மட்டும்தான். முந்தைய படத்தையும் இந்தப் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, எது புதிதாகச் சேர்ந்தது என்று நாமே பிடிக்க வேண்டும். மெதுவான வேலை, ஆனால் கலத்தின் ஒரு மூலையையும் கவனிக்காமல் கடக்க முடியாது. பின்கதவுகளைத் திறந்து குட்டி ரோவர் வண்டியை உள்ளே நிறுத்தும் இடம் வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. விண்வெளி வரிசையைத் தொடங்கிய யென்ஸ் நைகார்ட் குனுட்சன்தான் 1978-இல் மினிஃபிகர் என்ற குட்டி மனிதப் பொம்மையையும் உருவாக்கியவர். அந்தச் சின்ன மனிதர் ஏறி இறங்க இடம் விட்டே எல்லாம் யோசிக்கப்பட்டிருக்கிறது.

இனி விஷயம். வெளிச்சம் பட்ட சாம்பல் பிளேட்கள் மஞ்சளேறிவிட்டன. மேலே வேறு துண்டு மூடியிருந்த இடத்தில் மட்டும் பழைய நிறம் பட்டையாகத் தெரிகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கலாமா? அல்லது 2022-இல் வந்த இதன் புதிய பதிப்பான 10497-இலிருந்து துண்டுகளை எடுத்து மாற்றிவிடலாமா?

கட்டைப்பெட்டி
10497-இல் கை வைக்காதீர்கள். 2004 வாக்கில் லெகோ சாம்பல் நிறத்தையே மாற்றிவிட்டது. புதியதில் நீலச் சாயல் உண்டு, பழையது சற்றுக் கதகதப்பான சாம்பல். பக்கத்தில் வைத்தால் மஞ்சளேறிய துண்டைவிட அதுதான் அதிகம் உறுத்தும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் லெகோ துண்டுகள் விற்கும் பிரிக்லிங்க் தளத்தில் பழைய சாம்பலைத் தனி நிறமாகவே பட்டியலிட்டிருப்பார்கள், அங்கே தேடுங்கள்.

நீலத்தட்டு
பெராக்சைடு வேலை செய்யும் சார், நானே செய்திருக்கேன். 3% கரைசலில் மூழ்க வைத்து வெயிலில் விட்டால் சாம்பல், வெள்ளை, நீலம் மூன்றுமே தேறும். துண்டு மிதக்காமல் ஏதாவது பாரம் வையுங்க. அதிக நேரம் விட்டால் மேற்பரப்பு வெளிறித் திட்டுத்திட்டாகிடும். எல்எல்928 எழுத்து அச்சான கட்டையையும் மஞ்சள் கண்ணாடித் துண்டுகளையும் தயவுசெய்து போடாதீங்க. லெகோ துண்டுகளின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் உள்ள ரப்பர் பகுதி வெளிச்சத்தில் ஆக்சிஜனேற்றம் அடைவதுதான் மஞ்சளுக்குப் பெரிய காரணம். பெராக்சைடு நிறத்தை எடுக்குமே தவிர அந்த மாற்றத்தைத் திருப்பாது. அதனால் மஞ்சள் திரும்ப வரலாம். கழுவும்போது தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் போக வேண்டாம்.

ரோவர்காரன்
மினிஃபிகர்களின் ஹெல்மெட் எப்படி இருக்கு? அந்த வார்ப்பில் தாடைப் பட்டை மெல்லிசு, நடுவில் வெடிச்சுடும். தலையிலிருந்து கழற்றும்போது முன்பக்கம் இழுக்காதீங்க.

சாம்பல்சிறகு
மூவருக்கும் நன்றி. ஒரு வெள்ளை ஹெல்மெட்டில் பட்டை ஏற்கெனவே வெடித்திருக்கிறது. அதை அப்படியே விடுகிறேன். தடித்த பட்டையுள்ள புதிய ஹெல்மெட் அந்த முகத்துக்குப் பொருந்தவில்லை.

யோசித்துப் பார்த்தேன், வெளுக்கப் போவதில்லை. திரும்ப மஞ்சளாகும் என்றால் மறுபடி மறுபடி பெராக்சைடில் போட வேண்டிவரும். அச்சான கட்டைகளைத் தவிர்த்து மற்றதை மட்டும் வெளுத்தால் கலம் இரண்டு நிறமாக நிற்கும். 1979-இல் ஒரே பெட்டியிலிருந்து வந்த துண்டுகள் ஒன்றாகவே வயதாகட்டும். வெயில் படாத தட்டுக்கு மாற்றிவிட்டேன், அது போதும்.

விரிசல் விட்ட கீல் ஒன்றை மட்டும் மாற்றியாக வேண்டும். பழைய சாம்பலில் உபரியாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். மஞ்சளேறியதாக இருந்தால் இன்னும் நல்லது.