ஆப்பிரிக்கக் கிராமங்களில் மிஷன் தொண்டு: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள் (வாசகர் பதில்கள்; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

பழைய கணக்கு

தான்சானியாவின் முவான்சாவில் மீன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் கணக்குப் பார்த்தேன். விக்டோரியா ஏரி, சங்காரா மீன், அங்கே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பழக்கமான சிலர் ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பில் இருந்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம், புகோபாவை ஒட்டிய கிராமங்களில், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகளுக்கு மாதாமாதம் சாமான் கொடுப்பார்கள். தான்சானியாவில் 1983-இல் முதல் எய்ட்ஸ் நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டதே அந்தக் ககேரா பகுதியில்தான். நடுத்தலைமுறையை நோய் வாரிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் கிழவி, குழந்தைகள், இடையில் யாரும் இல்லை. கணக்கு எழுத ஆள் வேண்டும் என்றார்கள். இரவுக் கப்பல் பிடித்துப் போனேன்.

வாழைத்தோப்பு ஓரம் ஒரு மாமரம். வரிசை. சோளமாவு, பீன்ஸ், உப்பு, துணி சோப்பு. நான் பெயர் வாசித்து, பெருவிரலைப் பிடித்து, மையில் அழுத்தி, கட்டத்தில் வைக்க வேண்டும். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாத ஒரு பாட்டி வந்தார். முழங்காலை லேசாக மடக்கி என்னிடம் "ஷிகாமோ" என்றார்.

ஷிகாமோ என்பது சின்னவர்கள் பெரியவர்களுக்குச் சொல்வது. உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று பொருள். பெரியவர் "மராஹபா" என்று அதை வாங்கிக்கொள்வார். எனக்கு அப்போது 34 வயது. கம்பெனிப் பையன்கள் தினமும் சொல்லிப் பழக்கிய வாய், யோசிக்காமல் "மராஹபா" என்றுவிட்டது.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் விரல் என் கையில் இருந்தது. மண்வெட்டி பிடித்தே ரேகை தேய்ந்துபோன விரல். கட்டத்தில் ரேகை விழவில்லை, கறுப்பாக ஒரு பொட்டுதான் விழுந்தது. இது நடந்தது 2011-இல்.

மசாக்கா டீச்சர்

சார், இதற்குப் போய் இத்தனை வருடம் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். அதே ஏரியின் இன்னொரு கரை, உகாண்டாவின் மசாக்காவில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். அங்கே பெண்கள் மண்டியிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள், பால்காரருக்குக்கூட. உங்கள் பாட்டி மடக்கியது உங்களுக்காக இல்லை, பழக்கம்.

என்னுடையது வேறு. பள்ளியில் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு மிஷன் ஷூ கொடுத்தது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஷூ. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், பட்டியலில் இல்லாதவன், என்னிடம் ஓடிவந்து சந்தோஷமாகச் சொன்னான்: "டீச்சர், அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை. அடுத்த டெர்மில் என் பேரும் வந்துவிடும்."

எதிர்க்காற்று

எல்லாம் சரி, சோளமாவுக்குப் பின்னாலேயே பைபிளும் வந்திருக்குமே? அதை ஏன் யாரும் எழுதவில்லை? எனக்குப் பெரிய அனுபவமில்லை. டார் எஸ் சலாம் விமான நிலையத்தில் ஒரே மாதிரி மஞ்சள் டீ ஷர்ட் போட்ட இருபது வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்தேன். முதுகில் வசனம். கையில் யாரோ ஒரு கறுப்புக் குழந்தையோடு எடுத்த செல்ஃபியை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைக்குப் பெயர் இருந்ததா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

தூத்துக்குடி சிஸ்டர்

தம்பி, புகோபாவில் போய் யாரை மாற்றுவது? ஆப்பிரிக்காவின் முதல் கறுப்பினக் கர்தினால், 1960-இல், அந்த ஊர் ருகம்ப்வாதான். நாம் போய் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் நிலையில் அவர்கள் இல்லை. ஆனால் நீங்கள் கேட்பதில் பாதி நியாயம் உண்டு. சாமான் கொடுக்குமுன் ஜெபம் முடியும்வரை வரிசை நகராது. அதில் முஸ்லிம் பாட்டிகளும் வெயிலில் நிற்பார்கள். எனக்கு அது பிடித்ததில்லை. சொல்லியும் பார்த்தேன்.

நான் இருந்தது தான்சானியாவிலேயே ஷின்யாங்கா பக்கம், சுகுமா இன மக்கள். விறகு கிடைக்காத ஊர். ஜன்னல் இல்லாத குடிசைக்குள் மூன்று கல் வைத்து, சாணமும் சுள்ளியும் போட்டு எரிப்பார்கள். வாழ்நாள் முழுக்க அந்தப் புகையில் உட்கார்ந்த கிழவிகளுக்குக் கண் சிவந்தே இருக்கும். சிவந்த கண் என்றால் சூனியக்காரி. மாடு செத்தால், குழந்தை செத்தால், பார்வை அவர்கள் மேல்தான் போகும். வெட்டரிவாளோடு இரவில் வந்தவர்கள் உண்டு. அதற்காகத்தான் எங்கள் ஆட்கள் புகைபோக்கி வைத்த மண் அடுப்பு கட்டிக் கொடுத்தார்கள்.

ஒரு பாட்டிக்கு அடுப்பு வேண்டாம். "இனிமேல் புகை போனால் என்ன, கண் வெளுக்கவா போகிறது? எனக்குக் கறுப்புக் கண்ணாடி கொடு" என்றார். விடுமுறைக்கு வந்தபோது அம்மாவுக்குக் கண் ஆபரேஷனில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி பெட்டியில் கிடந்தது, எடுத்துப் போனேன். போட்டுவிட்டதும் பாட்டி குடிசை வாசலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து காட்டினார். ராத்திரியிலும் கழற்றுவதில்லை என்று பேத்தி சிரித்தாள்.

சில மாதம் கழித்து அதே பேத்தி மெதுவாகச் சொன்னாள்: "கண்ணை மறைக்கிறாள், அப்படியென்றால் என்னவோ இருக்கிறது என்று பேசுகிறார்கள், சிஸ்டர்."

கோவை_67

நான் ஆப்பிரிக்காவுக்குப் போனதே இல்லை. சிங்கப்பூரில் இருந்தபோது சர்ச் மூலமாக மலாவியில் ஒரு பையனுக்கு மாதாமாதம் பணம் கட்டினேன். அவன் தாய்மொழியில் எழுதுவான், கீழே யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரி கடிதம்தான்: சோளம் நன்றாக வந்தது, ஆடு குட்டி போட்டது. அவனை வளர்ப்பது பாட்டி, அங்கே அகோகோ என்பார்கள். ஒரு கடிதத்தில் கேட்டிருந்தான்: "உங்கள் அகோகோ உயிரோடு இருக்கிறாரா? உங்கள் அம்மா? அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

அம்மா அப்போது கோவைக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். நல்ல இல்லம்தான். பதில் கடிதத்தில் மருதமலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதினேன்.

அருஷா குமார்

நான் ஒருமுறை பழைய துணி 23 கிலோ கட்டிக்கொண்டு அருஷா பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா ஒரு அறையைத் திறந்து காட்டினார். தரையிலிருந்து கூரை வரை பழைய துணி. என் மூட்டையை எங்கே வைக்கட்டும் என்று அவர் கேட்டபோது கிண்டலா என்று தெரியவில்லை. அவ்வளவுதான் என் கதை.

இப்போது கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில விஷயம். துணி வேண்டவே வேண்டாம், பழைய துணி விற்கும் மித்தும்பா சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. படிப்புக்கு என்று கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். தான்சானியாவில் ஆரம்பப் பள்ளிக் கட்டணம் 2002-இலேயே போய்விட்டது, 2016 முதல் உயர்நிலைப் பள்ளியின் நான்காம் ஃபாரம் வரையும் இல்லை. செலவு சீருடையிலும் ஷூவிலும் நோட்டிலும்தான். பெரிய இல்லம் கட்டுகிறோம் என்பவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தம் யாரும் இல்லையா என்பது. பலருக்கு இருக்கும். அம்மாவோ பாட்டியோ உயிரோடு இருப்பார்கள், சோறு போட முடியாததால் விட்டிருப்பார்கள். அந்தப் பாட்டி கையில் காசு போனால் பிள்ளை வீட்டிலேயே வளரும். தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவில் அரசே 2016-இல் 70 வயது தாண்டிய எல்லோருக்கும் மாதம் 20,000 ஷில்லிங் என்று ஆரம்பித்தது. பெருநிலத்தில் அப்படி எல்லோருக்குமான பென்ஷன் இல்லை. அறுபது தாண்டினால் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம் என்று அரசுக் கொள்கை பேசும். போய்ப் பார்த்தால் மருந்து வெளியே வாங்கச் சொல்வார்கள். ஆகவே கொடுப்பதானால் மாதாமாதம், கொஞ்சமாக, நிறுத்தாமல் கொடுங்கள். எம்-பெசா இருக்கிறது, போனில் போய்விடும். போன் இல்லாத பாட்டிக்குப் பக்கத்து வீட்டுப் பையனை நம்பாதீர்கள், கோயிலின் பங்குப் பேரவையில் இரண்டு பேரைச் சாட்சி வையுங்கள். கிறிஸ்துமஸ் கேக்குக்காக ஒரு நாள் போய் நிற்காதீர்கள். தணிக்கைக் கணக்கைக் கேளுங்கள், கோபப்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மசாக்கா டீச்சர்

குமார், அனுபவம்தானே கேட்டார்கள்!

பழைய கணக்கு

டீச்சர் சொன்னது போலப் பழக்கம் என்றே நானும் வைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனேன். வண்டி நிற்குமுன் இறங்கி, வரிசையில் நின்ற எல்லாப் பாட்டிகளுக்கும் நானே முந்திக்கொண்டு ஷிகாமோ சொல்லிக்கொண்டு வந்தேன். அவர்களுக்கு ஒரே சிரிப்பு. அந்தப் பாட்டி மட்டும் இல்லை. அவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயதுப் பேத்தி நின்றாள். பாட்டிக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்றாள்.

பெயருக்குரியவர் நேரில் வந்து விரல் வைக்க வேண்டும் என்பது விதி. முந்தின வருடம் சில பைகள் சந்தையில் விற்பனைக்கு வந்திருந்தன. அதனால் அந்த விதியை எழுதிக் கொடுத்ததே நான்தான். குமார் கேட்கச் சொல்லும் தணிக்கைக் கணக்கு சுத்தமாக இருந்தது, பெருமையோடு சொல்லியிருக்கிறேன். பின்னால் வரிசை நீளமாக நின்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முடியாது, பாட்டியை அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

அவள் அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "ஷிகாமோ" என்றாள். நான் "மராஹபா" என்றேன். பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன்.