பீலியடியில் பார்த்தது

கொலை வழக்கில் சாட்சி சொன்னவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது சின்ன சாட்சி.

இலங்கையில் எங்கள் தோட்டத்து மேல் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரே ராத்திரியில் மூன்று பேர் கொலை. புருஷன், பெண்சாதி, அந்த அக்காவின் அம்மா. பிள்ளை அன்றைக்குக் கீழ்ப் பிரிவில் அப்பாயி வீட்டில் படுத்ததால் தப்பியது. எனக்கு அது ஓ.எல். பரீட்சை வருடம். விடியப்புறம் படிக்க எழும்பி முகம் கழுவப் போனேன். தண்ணீர் விழும் பீலியடியில் எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, படிப்பா?" என்றார். அவ்வளவுதான்.

பொலிசில் தமிழில் சொன்னேன், சிங்களத்தில் எழுதினார்கள். வாசித்துக் காட்டியதில் பாதிதான் விளங்கியது. கையெழுத்து வைத்துவிட்டேன்.

கொலைக் குற்றத்துக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது. 1997 பிணைச் சட்டப்படி மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம். அதனால் பிடிபட்ட அந்த அண்ணனின் விளக்கமறியல், அதாவது விசாரணைக் காவல், நீண்டுகொண்டே போனது. வழக்குக் கோவை (ஃபைல்) கொழும்புக்குப் போய், அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரின் குற்றப்பத்திரம் மேல் நீதிமன்றத்துக்கு வர நாலு வருடம். யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000 டிசம்பரில் எட்டுப் பேரைக் கொன்ற வழக்குக்கு 2015 ஜூனில்தான் தீர்ப்பு. அதைப் பார்த்தால் நாங்கள் அவசரக்காரர்கள்.

வழக்குத் தவணைக்கு அப்பாவும் கூட வருவார், அன்றைக்கு அவருக்குப் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. தோட்டத்திலிருந்து காலையில் ஒரே பஸ். அந்த அண்ணனின் அம்மாவும் அதில்தான் வருவார். முதலில் முகம் கொடுக்கவில்லை. ஒரு தவணைக்குப் பஸ் நெருக்கியடித்தது. உட்கார்ந்திருந்த அவர், "பையக் குடு தம்பி" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு வந்த அழைப்பாணை அந்தப் பைக்குள்தான் இருந்தது.

கூண்டில் ஏறிய அன்றுதான் என் வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. "இரத்தத்தைக் கழுவினார்" என்று இருந்ததாம். நான் கால் என்றுதான் சொன்னேன். இருட்டில் இரத்தம் எங்கே தெரியும்? எதிர்த்தரப்புச் சட்டத்தரணி விடவில்லை. "அங்கே சொன்னது பொய்யா, இங்கே சொல்வது பொய்யா?" அதற்குள் எனக்குச் சிங்களம் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன் பதில் சொல்லி, நீதிபதியிடம் ஏச்சு வாங்கினேன்.

மற்றச் சாட்சியங்கள் பலமாக இருந்தன. தீர்ப்பன்று லைட், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். மரண தண்டனை, அதை வாசிக்கும்போது அப்படித்தான் செய்வார்கள். 1976-க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை, ஆகவே சிறைதான். அந்த இருட்டில் அவர் அம்மா இருந்த பக்கம் நான் திரும்பவில்லை.

*

மேலே எழுதிய தம்பிக்கு. நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம் என்பதால், நம் ஆட்கள் சொல்வதெல்லாம் எங்கள் வாய் வழியாகத்தான் பதிவுக்குப் போகும். தோட்டத்தில் "பாத்த மாரி இருந்துச்சு" என்பார்கள். அந்த "மாரி" இருக்கிறதே, சிங்களத்தில் அதை விட்டுவிட்டால் ஆள் நேரில் கண்ட சாட்சி ஆகிவிடுவார். ஒருமுறை அவசரத்தில் விட்டிருக்கிறேன். நல்லவேளை, நீதிபதிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், திருப்பிக் கேட்டார். மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பொலிசில் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். காத்திருக்கச் சொல்வார்கள், காத்திருங்கள்.

சரி தம்பி, அந்த அம்மா இப்போது எப்படி?

*

அதே லயத்தில்தான் ஐயா இருக்கிறார். மகனின் மேன்முறையீடு இன்னும் முடியவில்லை. சிங்களத்தில் கடிதம் வந்தால் வாசிக்கச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவருவார். போன கிழமையும் ஒன்று வந்தது. புதுத் தவணைத் திகதி. ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.