வேலை முடிந்து வந்து கத்தி எறிகிறேன்: பத்தில் எட்டு தெறித்து விழுகிறது, எங்கே பிழை?

களுவாஞ்சிக்குடியான்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு மருந்துக்கடையில் கணக்கும் இருப்பும் பார்க்கிறவன். காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை கதிரைதான். வீட்டுக்கு வந்த பிறகும் மருந்துப் பெயர்களும் காலாவதித் திகதிகளும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

போன மாரியில் எங்கள் வளவில் நின்ற மாமரம் சாய்ந்துவிட்டது. அதில் ஒரு குற்றியைத் தென்னையோடு சாய்த்து வைத்திருந்தோம். ஒரு பின்னேரம் கையில் இருந்த பழைய ஸ்குறூ டிரைவரைச் சும்மா எறிந்து பார்த்தேன். 'டொக்' என்று குத்தி நின்றது. அன்றிரவு பல நாளைக்குப் பிறகு நல்ல நித்திரை.

இப்போது ஒரு மாதமாகிறது. தினமும் அரை மணித்தியாலம் எறிகிறேன். அந்த நேரத்தில் கடை ஞாபகமே வருவதில்லை. ஆனால் பத்து எறிந்தால் இரண்டுதான் குத்துகிறது. சந்தையில் வாங்கிய குசினிக் கத்தியின் பிடி இரண்டாம் நாளே பிளந்துவிட்டது. மீன் வெட்டும் கத்தியின் நுனி முறிந்து காதோரமாகப் பறந்தது. முந்தநாள் ஒன்று தெறித்து வந்து காலடியில் விழுந்தது. நான் ரப்பர் செருப்போடு நின்றேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "கத்தியை எறியிறது வீட்டுக்குக் கூடாது மனே, பக்கத்து வீட்டார் என்ன நினைப்பாங்க" என்கிறா. விடவும் மனமில்லை. முறையாகப் பழக வேண்டும். எந்தக் கத்தி, எவ்வளவு தூரம், எப்படிப் பிடிப்பது?

சம்மாந்துறை மரக்காலை:

தம்பி, முதலில் சப்பாத்துப் போடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நான் மரக்காலையில் வேலை செய்கிறவன், ஒன்பது வருடமாக எறிகிறேன். உங்கள் கை பிழையில்லை. கத்தியும் மரமும் நிற்கிற இடமும்தான் பிழை.

குசினிக் கத்தியை இன்றோடு விட்டுவிடுங்கள். அது வெட்டுவதற்காகச் செய்தது. அலகு மெல்லியது, இரும்பு கடினம், பக்கவாட்டில் அடிபட்டால் முறியும். எறிகிற கத்திக்கு வெட்டும் கூர் தேவையே இல்லை, நுனி மட்டும் கூராக இருந்தால் போதும். 30 சென்ரிமீற்றர் நீளம், 250 கிராமுக்குக் குறையாத எடை, பிடியும் அலகும் ஒரே தகடு, மேலே மரப்பிடி ஒன்றும் வேண்டாம். அப்படி ஒன்றைக் கொல்லன் பட்டறையில் சொல்லிச் செய்விக்கலாம். இரும்பு மிகக் கடினமாகிவிடாமல் அளவாகப் பதம் வைக்கச் சொல்லுங்கள். வளைந்தால் நிமிர்த்தலாம், முறிந்தால் கண்ணுக்கு ஆபத்து. ஒரே அளவில் மூன்று செய்யுங்கள். ஸ்குறூ டிரைவரும் கத்தியும் மாறி மாறி எறிந்தால் கை எதையும் பழகாது.

அடுத்தது குற்றி. உங்களுடையது சாய்ந்து நிற்கிறது என்றால் பட்டைப் பக்கத்துக்குத்தானே எறிகிறீர்கள்? குறுக்காக அறுத்த வட்ட முகம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போது கத்தி நாருக்கு நடுவே புகுந்து நிற்கும், பிடுங்கினால் நார் திரும்ப மூடிக்கொள்ளும். மாமரம் பரவாயில்லை, இலவு கிடைத்தால் இன்னும் நல்லது. பனை, முதிரை மாதிரிக் கடின மரம் வேண்டாம், கத்தி திரும்பி உங்களிடமே வரும். கச்சான் என்கிற வரண்ட காற்று அடிக்கும் காலத்தில் மரம் காய்ந்து வெடிக்கும். எறிவதற்கு முன்பு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.

இனித் தூரம். எல்லோரும் பலத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள், அது தேவையில்லை. பிடியைப் பிடித்து எறிந்தால் கத்தி ஒரு முழுச்சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 3 மீற்றர் வேண்டும். அலகைப் பிடித்து எறிந்தால் அரைச்சுற்று, 2 மீற்றர் போதும். மணிக்கட்டைச் சொடுக்கக்கூடாது. சுத்தியலைப் பிடிப்பது போலப் பிடித்து, கையை நேராகக் கொண்டுவந்து, கத்தி தானாக வழுக்கிப் போகிற மாதிரி விடுங்கள். எல்லா எறிக்கும் ஒரே வேகம்.

பிறகு கத்தியையே கேளுங்கள். பிடி மேலே தூக்கி நின்றால் கூடுதலாகச் சுற்றிவிட்டது, அரை அடி முன்னே வாருங்கள். பிடி கீழே தொங்கினால் சுற்று போதவில்லை, அரை அடி பின்னே போங்கள். நிலத்தில் ஒரு கோடு கீறி வைத்து அதிலேயே நில்லுங்கள். எனக்கு மனம் ஆறுவதே அந்தக் கோட்டில்தான். மூன்று எறிந்து, நடந்து போய்ப் பிடுங்கி, திரும்பி வந்து கோட்டில் நிற்கும்போது மூச்சு தானாக இறங்கிவிடும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், ஐரோப்பாவில் இதற்குப் போட்டியே வைக்கிறார்கள், 3, 5, 7 மீற்றரிலிருந்து எறிகிறார்கள்.

அக்கரைப்பற்று ரீச்சர்:

அம்மாவின் பயத்தைச் சின்னதாக எடுக்காதீர்கள் தம்பி. 2019 ஏப்ரலில் இலங்கையில் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வீடு வீடாகத் தேடுதல் நடந்த நாட்களை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அப்போது வீட்டில் ஒரு நீளக் கத்தி இருந்தாலே நெஞ்சு இடித்தது. அதனால் பக்கத்து வீட்டாரை நீங்களே கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். கத்தியை வளவுக்கு வெளியே கொண்டு போகாதீர்கள், பஸ்ஸில் கொண்டு போகவே வேண்டாம். எறிந்து முடிந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். குற்றிக்குப் பின்னால் வேலி இருந்தால் இடத்தை மாற்றுங்கள், கோழி கலைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை எப்போது ஓடிவரும் என்று சொல்ல முடியாது.

கல்லடி வாவிக்கரை:

கத்தி இல்லாமலும் இதே அமைதி கிடைக்கும், அதையும் சொல்லவேண்டும். நான் விடியற்காலையில் வாவிக்கரையில் ஓட்டுத்துண்டு எறிகிறவன். காற்று எழும்ப முன்பு தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். தட்டையான துண்டை விரலால் சுழற்றி விட்டால் தவளை மாதிரிப் பாய்ந்து போகும். என்னுடையது 11 தடவை. 2013இல் கர்ட் ஸ்டெய்னர் என்ற அமெரிக்கர் ஒரே கல்லை 88 தடவை பாயவிட்டிருக்கிறார். துண்டு தண்ணீரோடு 20 பாகை அளவில் சாய்ந்து படவேண்டும் என்று 2004இல் பிரான்சில் ஆராய்ந்து சொன்னார்கள். எங்கள் அப்பா அந்தச் சாய்வைக் கையால்தான் காட்டித் தந்தார்.

அப்பா வீச்சுவலைக்காரர். ஈயக் குண்டுகள் கட்டிய விளிம்பை முழங்கையில் போட்டு, இடுப்பைத் திருப்பி விடும்போது வலை வட்டமாக விரியும். இறால் படாத நாளிலும் நாலு வீச்சு வீசிவிட்டுத்தான் வருவார். உங்கள் ஸ்குறூ டிரைவர் கதையை வாசித்தபோது அவரைத்தான் நினைத்தேன்.

களுவாஞ்சிக்குடியான்:

மூன்று பேருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை குற்றியை அறுத்து வட்ட முகத்தை முன்னுக்குத் திருப்பினேன். கிணற்றடிச் சுவர்ப் பக்கம் மாற்றி, பின்னால் பழைய றப்பர் பாய் ஒன்றைத் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு எறிந்து பார்த்துவிட்டு, தன் வளவில் இலவங்குற்றி ஒன்று கிடக்கிறது, எடுத்துக்கொள் என்றார்.

அந்த ஸ்குறூ டிரைவரோடுதான், சப்பாத்துப் போட்டு, கோட்டில் நின்று எறிந்தேன். பிடி தொங்கிக்கொண்டே இருந்தது. ஒன்றரை அடி பின்னே போனதும் பத்தில் ஆறு. அம்மா குசினி வாசலில் நின்று எண்ணினா. பட்டறையில் மூன்று கத்திக்குச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும்.

சம்மாந்துறை மரக்காலை:

வந்ததும் விளிம்பெல்லாம் அரம் போட்டு மழுக்குங்கள் தம்பி. ஒவ்வொரு நாளும் எறிந்து முடிந்த பிறகும் தடவிப் பாருங்கள். கத்தியோடு கத்தி அடிபட்டால் சிறு முள் எழும்பும், அதுதான் கையைக் கிழிக்கும்.