கேபினைச் சுத்தம் செய்துவிட்டு ஆளுக்குக் காத்திருந்த அம்மா

சிங்கப்பூரிலிருந்து:

போன வருடம் ஊரிலிருந்து வந்த அம்மாவை, மரினா பேயில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுக் கப்பலில் கூட்டிப் போனேன். அம்மாவுக்குக் கடலைப் பார்த்துப் பயமில்லை, ஆட்டத்துக்கும் பயமில்லை. கேபினைச் சுத்தம் செய்ய வரும் தம்பியை நினைத்துத்தான் ஒரே கூச்சம். மறுநாள் காலை 6 மணிக்கு நான் கண் விழித்தபோது போர்வை மடித்திருந்தது, குப்பைக்கூடை காலி, குளியலறை டவலாலேயே துடைக்கப்பட்டிருந்தது, அந்த டவலும் அலசிப் பிழியப்பட்டு பால்கனி நாற்காலியில் காய்ந்துகொண்டிருந்தது. "அந்தப் பிள்ளை வந்து பாத்தா என்ன நினைக்கும்" என்றார்.

தம்பி பாலித் தீவுக்காரர். அம்மாவை 'இபு' என்று கூப்பிட்டார். அவர்கள் மொழியிலும் அம்மா என்றுதான் பொருள். நான் 'தெரிமா காசி' என்று நன்றி சொன்னால் 'சாமா சாமா' என்பார். "எதுக்குடி சாமி சாமின்னு சொல்றான்?" என்று அம்மா கேட்டது தனிக்கதை.

சாமி விஷயம் உண்மையிலேயே வந்தது. அம்மா மேஜையில் சின்னப் பிள்ளையார் படத்தை வைத்து, ஊதுபத்தியும் தீப்பெட்டியுமாக நின்ற நேரத்தில் அவர் கதவைத் தட்டினார். பார்த்தவர் முகம் மாறிவிட்டது. இரண்டு கையையும் கூப்பி, கூரையில் இருந்த புகை உணர்கருவியைக் காட்டி, வேண்டாம் இபு என்றார். கப்பலில் மெழுகுவத்தி, ஊதுபத்தி எதையும் கொளுத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். அம்மாவின் பூஜைப் பையைத் திறந்து பார்க்கத்தான் தோன்றவில்லை. அடுத்து அவர் கண் படத்தின் மேல் போனது. "கணேஷா!" பாலியில் பெரும்பாலோர் இந்துக்கள். வீட்டு வாசலில் தினமும் சின்ன ஓலைத் தட்டில் பூ வைத்து ஊதுபத்தி கொளுத்துகிறவர்கள். கப்பலில் ஏறியதிலிருந்து தானும் ஒன்றுகூடக் கொளுத்தவில்லை என்று சிரித்தார்.

அன்று ராத்திரி வந்து பார்த்தால் டவலை மடித்துச் செய்த ஒரு யானை, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்திலேயே. வேறு கேபின்களில் அது கட்டில்மேல் இருக்கும், நாலு பேர் போட்டோ எடுத்துவிட்டுப் பிரித்துவிடுவார்கள். பிள்ளையாரைப் பிரித்து முதுகு துடைப்பதா என்று அம்மா ஒரே பிடிவாதம். புதிது கேட்க அவருக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். ஒரு டவல் குறைவாகவே ஓட்டினோம்.

நாமே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வைத்தால் அவர்களுக்கு உதவிதானே? இல்லை, அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்களா?

சியாட்டில் பக்கத்திலிருந்து:

உங்கள் அம்மா செய்ததை நானும் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். 7 இரவு அலாஸ்காப் பயணம். ஜூனோ போய்ச் சேரும் முன் நடுராத்திரியில் சின்னவன் கட்டில், தரைவிரிப்பு எல்லாவற்றிலும் வாந்தி எடுத்துவிட்டான். பகல் முழுக்கக் கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிட்டவன். இந்த நேரத்தில் ஒரு மனிதரை எழுப்பி இதை அள்ளச் சொல்வதா என்று நானும் மனைவியும் இருக்கிற டவலையெல்லாம் எடுத்துத் துடைத்து, சுருட்டி, குளியலறை மூலையில் வைத்தோம்.

காலையில் வந்த அம்மணி பிலிப்பைன்ஸ்காரர், எங்கள் அக்கா வயது இருக்கும். அதுவரை சிரிக்காமல் பேசியதே இல்லை. அன்று சிரிப்பில்லை. எத்தனை மணிக்கு நடந்தது, பேதி இருந்ததா, டவலை வெளியே எங்கும் எடுத்துப் போனீர்களா என்று வரிசையாகக் கேள்வி. கையுறை, முகக்கவசம் போட்ட இரண்டு பேர் மருந்துத் தண்ணீரோடு வந்துவிட்டார்கள். வாந்தி, பேதியைப் பரப்பும் நோரோவைரஸ் என்றால் துடைத்தவர் கையிலிருந்து கதவுப்பிடிக்கும், அங்கிருந்து கப்பல் முழுக்கவும் பரவும் என்று பிறகு கப்பல் மருத்துவமனையில் சொன்னார்கள். எங்களுக்கு வந்தது வெறும் அஜீரணம். "அடுத்த முறை ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணுங்கள், அதற்கென்றே ஆள் இருக்கிறார்கள்" என்றார். சாயங்காலம் பையனுக்கு மட்டும் ஒரு டவல் குரங்கு, என் கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு ஹேங்கரில் தொங்கியது. கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டோம்.

சென்னையிலிருந்து:

டிப்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே! நான் போன கப்பலில் கேட்காமலே ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். நாலு பேர், 7 நாள், 504 டாலர். கவுண்டரில் சண்டை போட்டு எடுக்கச் சொல்லிவிட்டு, கேபின் பையனிடம் 50 டாலரை நேராகக் கையில் கொடுத்தேன். அவர் அவ்வளவாகச் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. எனக்கு இன்னும் புரியவில்லை.

தூத்துக்குடியிலிருந்து, முன்பு கப்பலில் வேலை பார்த்தவர்:

கேட்டரிங் படித்துவிட்டு, பாதுகாப்புப் பயிற்சி முடித்து, சி.டி.சி. என்கிற கப்பல் பணியாளர் பதிவுப் புத்தகம் எடுத்து, மூன்று ஒப்பந்தம் கேபின் ஸ்டீவர்டாக இருந்தேன். ஒவ்வொன்றும் எட்டு மாதத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அதுவரை வார விடுமுறை என்று ஒரு முழு நாள் கிடையாது. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். அந்தப் பத்துக்குள்தான் தூக்கம், துணி துவைப்பு, வீட்டுக்குப் போன் எல்லாம். இரண்டு பேருக்கு ஓர் அறை, மேலும் கீழுமாகக் கட்டில், ஜன்னல் இல்லை.

சிங்கப்பூர் அம்மா செய்ததில் அவமரியாதை எதுவும் இல்லை. வேலையும் குறையாது. அம்மா அழகாக விரித்ததை நாங்கள் உருவி, விளிம்பை மடித்து, கப்பல் கணக்குப்படி மறுபடி விரிப்போம். அலசிக் காயப்போட்ட டவல் இன்னும் மோசம்: பழையதா புதியதா தெரியாது, காற்றில் பறந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். மாற்ற வேண்டிய டவலைக் குளியலறைத் தரையில் போடுங்கள். மரியாதைக் குறைவாகத் தெரியும். எங்களுக்கு அதுதான் சைகை. உண்மையான உதவி ஒன்று உண்டு. முதல் நாளே உங்கள் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்: காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், மதியம் தூங்குவீர்களா. என்னிடம் 17 கேபின் இருந்தது. 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை மதியம் வரை தொங்கவிடும் மூன்று குடும்பம் இருந்தால் என் ஓய்வு போய்விடும்.

கொரோனாவுக்குப் பிறகு பல கப்பல்களில் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் சுத்தம். காலையா மாலையா என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

சென்னை அண்ணாச்சி, அந்த 504 டாலர் முழுக்கக் கேபின் பையனுக்குப் போவதில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கும், நீங்கள் கண்ணிலேயே பார்க்காத துணி துவைக்கும் இடத்துக்கும் பிரிகிறது. கணக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கையில் கொடுத்தால், சில நிறுவனங்களில் அந்தப் பணத்தை அவர் பொதுவில் ஒப்படைக்க வேண்டும் என்றே விதி. கணக்கில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு மேலே 20 கொடுத்திருந்தால் அது அவருக்கே. டிப்ஸை டிக்கெட் விலையில் சேர்க்காமல் தனியாகக் காட்டி உங்களையும் எங்களையும் சங்கடப்படுத்துவது முதலாளிகளின் வேலை என்பது என் கருத்து. அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

இன்னொன்று. ஆபத்துக்கால அறிவிப்பான ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால், டவல் மடிக்கும் அதே ஆள்தான் கேபின் கேபினாகத் தட்டி யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்ப்பவர். அதற்காகப் பயணிகளுக்கு நடத்தும் பயிற்சியின்போது லைஃப் ஜாக்கெட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு நம்மவர்கள் சிரிப்பார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்கு அந்தப் பயிற்சியே அதுவரை நடக்கவில்லை. அப்போதைய விதிப்படி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ என்று மாற்றினார்கள்.

தமிழ்க் குடும்பம் என்றால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது கல்யாணம் ஆயிற்றா, மூன்றாவது சம்பளம் எவ்வளவு. மூன்றாவதைக் கேட்காத வீட்டை நான் பார்த்ததில்லை. பரவாயில்லை, எட்டு மாதத்தில் தமிழில் யாராவது எதையாவது கேட்டால் போதும் என்று இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து, மறுபடி:

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "டவலத் தரையில போடறதா?" என்று இன்னும் முகம் சுளிக்கிறார். டிசம்பரில் மறுபடி போகிறோம். இந்தத் தடவை கேபின் தம்பிக்குக் கொடுக்க இப்போதே முறுக்குக்கு மாவு அரைக்கக் கணக்குப் போடுகிறார். வாங்கிக்கொள்வார்களா?

தூத்துக்குடியிலிருந்து:

தாராளமாக. உட்கார்ந்து சாப்பிடச் சொல்லாதீர்கள், பயணிகள் கேபினில் எங்களுக்கு உட்கார அனுமதி இல்லை. கட்டிக் கொடுத்தால் கீழே போய் நாலு நாட்டு ஆட்கள் பிய்த்துத் தின்பார்கள். பணம் வைப்பதானால் நோட்டாக வையுங்கள், வெளிநாட்டுச் சில்லறையை மாற்ற எங்களுக்கு வழியில்லை. முறுக்குப் பையை மட்டும் வெள்ளை விரிப்பின் மேல் வைத்துவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எண்ணெய்க் கறை பட்டால் மாற்றப்போவதும் அந்தத் தம்பிதான்.