டிரைவிலிருந்து நகலெடுத்த ப்ராஜெக்ட் கோப்பு 1 கேபிதான் இருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது

கேள்வி:
வணக்கம். படிப்பு முடிந்துவிட்டது. கல்லூரிக் கணக்கை இந்த மாதக் கடைசியில் மூடிவிடுவார்களாம். அதனால் என் லேப்டாப்பில் இருந்த கூகுள் டிரைவ் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் போட்டேன். மூன்று வருட வேலை இரண்டே நிமிடத்தில் ஏறிவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இப்போது வேறு கணினியில் போட்டுப் பார்த்தால் பிடிஎஃப், படங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ப்ராஜெக்ட் அறிக்கை மட்டும் 1 கேபி. அதைச் சொடுக்கினால் பிரவுசர் திறந்து லாகின் கேட்கிறது. பென்டிரைவ் போய்விட்டதா?

பதில் 1:
பென்டிரைவ் பாவம், அதை விடுங்கள். கோப்பின் பெயர் 'ஜிடாக்' என்று முடிகிறதா பாருங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியது கூகுள் சர்வரில்தான் இருக்கும். உங்களிடம் இருப்பது வெறும் விலாசச் சீட்டு. வீடே போனபின் விலாசத்தை வைத்து என்ன செய்வது? கணக்கு உயிரோடு இருக்கும்போதே, கணக்கில் உள்ளதையெல்லாம் மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் டிரைவை மட்டும் டிக் செய்து எடுங்கள். டாக்ஸ் வேர்டாகவும் ஷீட்ஸ் எக்செலாகவும் மாறி ஜிப்பில் வரும்.

கேள்வி கேட்டவர்:
ஜிடாக்தான்! ஆனால் டேக்அவுட்டை அட்மின் முடக்கி வைத்திருப்பதாகக் காட்டுகிறது.

பதில் 1:
சரி, அப்படியானால் பிரவுசரில் டிரைவைத் திறந்து, ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து டவுன்லோடு கொடுங்கள். அதிலும் வேர்டு, எக்செலாக மாறித்தான் வரும். பெரிய ஃபோல்டர் என்றால் பல ஜிப்களாகப் பிரிந்து வரும், ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். அப்புறம், நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். அப்போதும் திறந்தால்தான் கோப்பு உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

பதில் 2:
கோப்பு கிடக்கட்டும், கல்லூரி மெயில் ஐடியை வைத்து எங்கெல்லாம் கணக்குத் தொடங்கினீர்கள்? கிட்ஹப், லிங்க்ட்இன் எல்லாவற்றிலும் இன்றே சொந்த மெயிலைச் சேர்த்து, அதையே முதன்மையாக்குங்கள். நான் அசட்டையாக இருந்துவிட்டு, பாஸ்வேர்டு மறந்த அன்று விழித்தேன். ரீசெட் லிங்க் மூடிப்போன மெயிலுக்குத்தானே போகும்! பென்டிரைவ் ஒன்றை மட்டும் நம்பாமல் இன்னொரு நகலும் வேறு இடத்தில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அறிக்கை வந்துவிட்டது, 14 எம்பி. நெட் இல்லாமலும் திறக்கிறது. இருவருக்கும் நன்றி. ஆனால் சர்வே ஷீட்டைக் காணோம். தேடினால், அதை உருவாக்கியது என் தோழியின் கணக்கிலாம். எனக்குப் பகிர்ந்தது மட்டும்தான். அவளுக்கும் இதே கெடு. போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், எடுக்கவில்லை. அதுவரை ஷீட்டைத் திறந்து நானே எக்செலாக இறக்கிக்கொள்கிறேன்.