பொலியூ எண்ட மாப்பிள்ளையைக் காணேல்லை

வடமராட்சி மாமி (மொன்றியல்):

மருமகன் கியூபெக் பெடியன், குடும்பப்பேர் பொலியூ. பேத்தி பிறந்த கையோட ரெண்டு பக்கத்துப் பரம்பரையையும் ஒரு கொப்பியில எழுத வெளிக்கிட்டன். எங்கட பக்கம் நாலு தலைமுறையோட காணி உறுதி கையை விரிச்சிட்டுது. அவையளுக்குக் கோயில் பதிவேடு இருக்கு, சுகமா முடியும் எண்டு நினைச்சன்.

கலியாணப் பதிவில மாப்பிள்ளை, பொம்பிளை ரெண்டு பேரின்ர தாய் தகப்பன் பேரும் இருக்கும். அதைப் பிடிச்சு 1871 வரைக்கும் ஏறிட்டன். அதில மாப்பிள்ளையின்ர தகப்பன் ஜோசப் பொலியூ, தாய் மரி லெவெக். அவையின்ர கலியாணம் ரிவியேர்-உவெல் கோயில் பங்கில எண்டு சம்பந்தியம்மா சொல்லுறா. 1835 இல இருந்து 1850 வரைக்கும் பக்கம் பக்கமாப் பாத்தாச்சு. பொலியூ எண்டு ஒரு மாப்பிள்ளையும் இல்லை.

பிள்ளையளின்ர ஞானஸ்நானம் அதைவிட மோசம். ஒரே வீட்டில அஞ்சு மரி! சுவாமியார் தூக்கக் கலக்கத்தில எழுதினவரோ? செப்டெம்பருக்கு அடுத்த பக்கத்தில எட்டாம் மாசம் வருது. பக்கத்தை மாறிக் கட்டிப்போட்டினமோ?

கணக்கர்:

மாமி, பொலியூவில தேடாதேங்கோ, ஊடோனில தேடுங்கோ. பதிவில 'ஊடோன் டி பொலியூ' எண்டு எங்கையாவது வந்திருக்கும். 'டி' எண்டது எங்கட 'என்கிற' மாதிரி. 1665 இல கரிஞான்-சாலியேர் படை பிரான்சில இருந்து வந்தது. படையில ஆளாளுக்கு ஒரு பட்டப்பேர்: லாஃப்ளூர் (பூ), சான்சூசி (கவலையில்லாதவன்), லாஜூனெஸ் (இளமை). ஊரோட தங்கின ஆக்களுக்கு அந்தப் பேரும் ஒட்டிப்போச்சு. படைக்குப் போகாத குடும்பங்களிலையும் இந்த வழக்கம் இருந்தது. பிறகு அண்ணன் ஒரு பேர், தம்பி மற்றப் பேர். ஒரே ஆள் ஒரு பேரில முடிச்சு மற்றப் பேரில அடக்கமானதும் உண்டு.

பொம்பிளையள் அப்பிடி இல்லை. கலியாணம் முடிச்சாலும், செத்தாலும், பதிவில தகப்பன்ர குடும்பப்பேர்தான். (1981 ஏப்ரல் 2 இல இருந்து கியூபெக்கில சட்டமும் அதுதான்.) அதால மரி லெவெக்கைப் பிடியுங்கோ, புருசன் தானா வருவார்.

அஞ்சு மரிக்கும் சுவாமியாரைக் குறை சொல்லாதேங்கோ. பொம்பிளைப் பிள்ளையெண்டா முதல் பேர் மரி, பெடியனெண்டா ஜோசப். நடுவில கனதரம் ஞானத்தாய், ஞானத்தகப்பன்ர பேர். வீட்டில கூப்பிடுற பேர் பெரும்பாலும் கடைசியில இருக்கும்.

பொஸ்ரன் தம்பி:

மாமி, அந்த எட்டுக்குப் பக்கத்தில குட்டியா ரெண்டு மூண்டு எழுத்து ஒட்டியிருக்கோ பாருங்கோ. இருந்தா அது ஓகஸ்ட் இல்லை, ஒக்டோபர். மார்ச்சை முதல் மாசமா எண்ணுற பழைய ரோமன் கணக்கு: 7 செப்டெம்பர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசெம்பர்.

இந்தப் பக்கம் எல்லை கடந்து அமெரிக்காவில லோவெல், மான்செஸ்ரர் துணி ஆலையளுக்கு வந்த குடும்பங்களைத் தேடுறது இன்னும் கரைச்சல். பேரையே மொழிபெயர்த்துப் போட்டினம். புவாவேர் கிரீன்வுட் ஆயிட்டார், லுருவா கிங் ஆயிட்டார்.

வடமராட்சி மாமி:

ரெண்டு தம்பிமாருக்கும் நன்றி. பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தன், எட்டோட எழுத்து ஒட்டியிருக்கு. ஒக்டோபர்தான். மரி லெவெக்கால தேட அரை மணித்தியாலத்தில 1842 இல ஆப்பிட்டார், 'ஜோசப் ஊடோன்' எண்டு. நான் மூண்டு தரம் தாண்டிப் போன பக்கம். கீழ, தங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது எண்டு ரெண்டு பேரும் சொன்னதாச் சுவாமியார் எழுதியிருக்கிறார்.

சம்பந்தியம்மாவுக்குத்தான் நல்லாப் பிடிக்கேல்லை. அவவின்ர முன்வீட்டுக்காரர் ஒரு ஊடோன். பனி தள்ளின சண்டையில பன்ரெண்டு வருசமா ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.